இன்டர்வியூத் தம்பி

எழுத்துத் தேர்வில் தேறிய நாளிலிருந்து டெல்லிக்கு ரயிலேறும் நாள் வரைக்கும் அவன் வீட்டுப் பிள்ளை இல்லை, ஊர்ச் சொத்து. பெருந்துறைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவனைப் பார்க்கலாம். சிவில் படித்தவன். படிப்பு முடிந்தபின் சைட்டில் கொஞ்ச நாள் வெயில் காய்ந்தவன். பிறகு வேலையை விட்டுவிட்டு மாடி அறையில் சுவரெல்லாம் சூத்திரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவன். பெயர் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. "நம்ம தம்பிக்கு இன்டர்வியூ வந்துருச்சாமா" என்று பால் சொசைட்டியில் ஒருவர் ஆரம்பித்ததிலிருந்து அவன் இன்டர்வியூத் தம்பி.

அவன் எழுதியது யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வு. சுருக்கமாக ஐ.இ.எஸ். என்பார்கள். ஊர்க் காதில் அது ஐ.ஏ.எஸ். என்று விழுவதை எந்தச் சக்தியாலும் தடுக்க முடியாது. முடிவெட்டுகிற அண்ணன், "கலெக்டரா வந்தா நம்ம ரோட்டக் கொஞ்சம் பாருங்க தம்பி" என்பார். ஆரம்பத்தில் தம்பி விளக்கிப் பார்த்தான். "கலெக்டர் இல்லீங்ணா, மத்திய நீர் ஆணையத்துல உதவி இயக்குநர்" என்றான். அண்ணனின் கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. முகத்தில் அனுதாபம் தெரிந்தது. அதன்பிறகு தம்பி விளக்குவதை விட்டுவிட்டு, ரோட்டைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டான்.

முதல்நிலைத் தேர்வுக்கு 500 மதிப்பெண், முதன்மைத் தேர்வுக்கு 600, நேர்முகத்துக்கு 200. ஆக 1300. முதல் 1100-க்கு அவன் ஒண்டியாக உட்கார்ந்து படித்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மிச்சமுள்ள 200-க்கு மட்டும் ஊரே வாத்தியார்.

இந்த இன்டர்வியூத் தம்பி இனம் முன்பு எண்ணிக்கையில் அதிகம். 2015-ல் செங்கோட்டைச் சுதந்திர தின உரையில் பிரதமர், சின்ன வேலைகளுக்கெல்லாம் எதற்கு நேர்முகம் என்று கேட்டார். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் 'பி' பணிகளுக்கும் நேர்முகம் போய்விட்டது. ஜூனியர் இன்ஜினியர் வேலைக்குப் போகிறவன் இன்று பரீட்சை எழுதி, சான்றிதழைக் காட்டி, ஷூ வாங்காமலேயே வேலையில் சேர்ந்துவிடுகிறான். தமிழ்நாட்டிலும் டி.என்.பி.எஸ்.சி., தொழில்நுட்பப் பணிகளில் 'நேர்முகத் தேர்வு அல்லாத பதவிகள்' என்று தனி அறிவிப்பே விட ஆரம்பித்துவிட்டது. எனவே இன்றைக்கு ஒரு வீட்டில் இன்டர்வியூத் தம்பி இருக்கிறான் என்றால் அது கொஞ்சம் பெரிய விஷயம்தான். ஊர் ஆடுவதில் தப்பில்லை.

வீட்டுக்குள் முதல் தேர்வுக் குழுத் தலைவர் பெரியப்பா. பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி கையில் காபியோடு அகப்பட்டால் போதும்.

"ஏந்தம்பி, ஒரு யூனிட் ஜல்லின்னா எத்தன கன அடி?"

"ஜல்லியக் கியூபிக் மீட்டர்ல சொல்லுவாங்க பெரியப்பா."

"லாரிக்காரன் கியூபிக் மீட்டர்லயா கொண்டாந்து கொட்டறான்? நூறு கன அடி. இதே தெரியல, உனக்கு டெல்லி."

தம்பிக்கு எம்20 கான்கிரீட்டின் விகிதம் 1:1½:3 என்று தெரியும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் இறுக ஆரம்பிக்கக் குறைந்தது 30 நிமிஷம் ஆக வேண்டும் என்று தெரியும். 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்றும் தெரியும். ஜல்லி லாரி வீட்டுவாசலில் கொட்டிவிட்டுப் போனால் அதில் எத்தனை யூனிட் குறைகிறது என்று மட்டும் தெரியாது. பெரியப்பாவுக்கு அது ஒன்றுதான் இன்ஜினியரிங். இதில் பெரியப்பா சொல்வது முழுத் தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது.

அடுத்தது ஃபைல். ஜிப் வைத்த கறுப்பு ஃபைல், உள்ளே பிளாஸ்டிக் உறைகள். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக, 'க்' இல்லாமல் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு தாள் சொல்ல வேண்டும். அந்தத் தாளுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் அவன் நின்ற நேரத்தில் திரவ இயக்கவியலை இன்னொரு தடவை திருப்பியிருக்கலாம். நகல்களில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்று மத்திய அரசு எப்போதோ சொல்லிவிட்டது. இருந்தாலும் அம்மா விடவில்லை. "பச்ச இங்க்ல ஒரு கையெழுத்து இருந்தாத்தாங் கண்ணு மதிப்பு" என்று தூரத்துச் சொந்தத்தில் ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்து, கறவை மாட்டையும் அப்படியே காட்டிவிட்டு வந்தார்கள்.

தம்பியின் உண்மையான சோதனை விண்ணப்பப் படிவத்தில் பொழுதுபோக்கு என்றிருக்கும் கட்டத்தில் தொடங்குகிறது. தேர்வுக்குப் படித்த வருஷங்களில் அவனுக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு, படிக்காமல் கைப்பேசியை நோண்டியது. அதை எழுத முடியாது. கோச்சிங் சென்டரில் 'வாசிப்பு' என்று போடாதே, எந்தப் புத்தகம், யார் எழுதியது என்று குடைவார்கள் என்றார்கள். 'கிரிக்கெட் பார்ப்பது' என்றால் சோம்பேறி என்று நினைப்பார்களாம். 'சமையல்' என்றால் சிரிப்பார்களாம். கடைசியில் மாடித் தோட்டம் என்று எழுதினான். அம்மா அஞ்சு தொட்டியில் கீரை போட்டிருந்தார்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோதெல்லாம் இவன் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டவன். படிவம் அனுப்பியதும் அவசரமாக அம்மாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்தான். பாலக் எது, சிறுகீரை எது, மண்புழு உரம் எவ்வளவு, இலைச்சுருட்டைக்கு வேப்பெண்ணெய் எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். "இத்தன வருசமா கத்துனேன், ஒரு வாளித் தண்ணி ஊத்துனியா? டெல்லிக்காரன் கேட்டாத்தான் ஊத்துவியா?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எந்தக் குழுவும் இவ்வளவு நேராகக் கேட்காது.

மாதிரி நேர்முகம் நடத்தும் இடங்களில் இன்னும் சில கலைகளைக் கற்றுத் தருகிறார்கள். கதவைத் திறப்பது, அனுமதி கேட்பது, உட்காருங்கள் என்ற பிறகு உட்காருவது எல்லாம் சாதாரணம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பதைப் புன்னகையோடு சொல்ல வேண்டும் என்பதுதான் சிரமமானது. தம்பி குளியலறைக் கண்ணாடி முன் நின்று தினமும் பயின்றான். புன்னகை கூடினால் திமிர், குறைந்தால் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் கிடைத்த அன்று அப்பா வெளியிலிருந்து கதவைத் தட்டினார். "உள்ள யார்றா கூட?"

பிடித்த பாடம் எது என்பது இன்னொரு பொறி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்தவர்கள் இதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே கேட் தேர்வு மதிப்பெண்ணோ எழுத்துத் தேர்வோ வாசல் வரைக்கும்தான் கூட வரும். உள்ளே போனபின் நேர்முகத்தில் வாங்குவது மட்டுமே கணக்கு. பிடித்த பாடத்தைச் சொன்னால் அதன் அடிவேர் வரைக்கும் தோண்டுவார்கள், முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பிடிக்கும் என்று கம்பீரமாகச் சொன்னவனிடம், "ஒரு கயிற்றை இழுக்க முடிகிறது, ஏன் தள்ள முடியாது?" என்று ஆரம்பித்தால் அவனுக்கு அந்தப் பாடத்தின் மேலிருந்த பிரியம் அத்தோடு போச்சு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் 'பாட்டுப் பிடிக்கும்' என்று சொல்லிவிட்டுப் பாடச் சொன்னால் விழிப்பது மாதிரிதான்.

உந்துசக்தி யார் என்று கேட்டால் தம்பி கலாம் என்பான். பக்கத்து நாற்காலித் தம்பியும் கலாம் என்பான். இதைக் கேட்டுக் கேட்டுக் குழுவினருக்குக் காது புளித்திருக்கும். ஆனால் கலாமின் சொந்த இன்டர்வியூ கதையை இவர்களில் பாதிப்பேர் சொல்வதில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்துவிட்டு அவரும் இப்படித்தான் வடக்கே ரயிலேறினார். டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககத்தில் ஒன்று, டேராடூனில் விமானப்படையில் ஒன்று என்று இரண்டு நேர்முகம். மனசெல்லாம் விமானம் ஓட்டுவதில் இருந்தது. டேராடூனில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்ததோ எட்டுப் பேரை. டெல்லி வேலை கிடைத்தது. 1958-ல் சீனியர் சயின்டிஃபிக் அசிஸ்டென்டாகச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். பெரியப்பா காதில் இது விழுந்திருந்தால், "ஒம்பதாவது வந்தவரா? எட்டுக்குள்ள வந்திருக்கலாமில்ல" என்று சொல்லியிருப்பார்.

தம்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறோம், அம்மிணிகளும் உண்டு. அவர்களுக்கு வீட்டுக் குழுவின் கேள்வித்தாளே வேறு. கான்கிரீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அஸ்ஸாம்ல போட்டுட்டா?", "சைட்ல ஆம்பளைங்களோட நிக்கோணுமா?", "அதுக்குள்ள ஒரு வரன் வந்தா?" இவ்வளவுதான். 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ. லலிதா, பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்று மூன்று பெண்கள் படித்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அம்மிணியின் அத்தைக்கு இதைச் சொன்னால், "அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்பாள்.

டெல்லிப் பயணத்தை நீட்ட வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, கரோல் பாக்கில் ஒரு லாட்ஜ், புது ஷூ கடித்த குதிகாலில் ஒரு பிளாஸ்டர். மறுநாள் காலை ஷாஜகான் சாலை, தோல்பூர் ஹவுஸ். பழைய தோல்பூர் மகாராஜாவின் மாளிகை. வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே வட்ட மேசைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். எந்தக் குழுவிடம் போகப்போகிறோம் என்பது அன்றுதான் தெரியும். தெரிந்ததும் மேசைக்கு மேசை ஒரு மூத்தவர் இருப்பார். இதற்கு முன் வந்து, கிடைக்காமல், மறுபடி எழுதி வந்தவர். "அந்தச் சேர்மனா? அவர் மார்க்கே போட மாட்டாராச்சே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அவர் மேசையில் யார் உட்கார்ந்தாலும் சேர்மன் மார்க் போடாதவராகத்தான் இருப்பார்.

தம்பியை அழைத்தார்கள். குழுவில் தலைவரோடு நாலைந்து பேர். ஆங்கிலத்தில்தான் பேச்சு. முதல் கேள்வி செப்டம்பர் 15 என்ன நாள் என்பது. பொறியாளர் தினம், விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள், 1884-ல் பம்பாய்ப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகத் தொடங்கியவர் என்று தம்பி பொரிந்து தள்ளினான். நல்ல தொடக்கம். கீரை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வேப்பெண்ணெய் வீண்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நீர்வளத்துக்காரர் படிவத்தைப் புரட்டினார். "ஈரோடு மாவட்டமா? பவானிசாகர் அணை மண் அணையா, கல் அணையா?"

தம்பி ஹூவர் அணையின் உயரம் 221 மீட்டர் என்று வைத்திருந்தான். மூன்று பள்ளத்தாக்கு அணையின் மின் உற்பத்தித் திறன் வைத்திருந்தான். சொந்த அணைக்கு ஒரு நொடி திணறினான். பெரும்பகுதி மண் கரை, உபரி நீர் வழியும் இடம் மட்டும் கட்டுமானம், 1955-ல் முடிந்தது, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. என்று எப்படியோ வந்துவிட்டது.

"எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மண் கரை. கசிவு நீர் எங்கே போகிறது? கரையின் கீழ்ப்பக்கத்தில் என்ன பார்த்தீர்கள்?"

புத்தகத்தில் கசிவுக்கோடு, வடிகட்டி, அடிக்கால்வாய் எல்லாம் இருக்கிறது. ஆனால் கேள்வி 'என்ன பார்த்தீர்கள்' என்பது. தம்பி அணைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறான். ஆடிப் பதினெட்டுக்குப் போயிருக்கிறான், காலேஜ் கூட்டாளிகளோடு பைக்கில் போயிருக்கிறான். ஒரு தடவைகூடக் கரையின் அடிவாரத்தைக் குனிந்து பார்த்ததில்லை. குளியலறையில் பழகிய புன்னகை வந்தது, அதற்குரிய வாசகம் வரவில்லை. வாய் தானாக உண்மையைச் சொன்னது.

"பார்க்கும், மீன் வறுவல் கடையும் சார்."

தலைவரே சிரித்துவிட்டார். மீன் எந்த வகை என்று இன்னொருவர் கேட்டார். இந்த ஒரு பாடத்தில் தம்பி முழு மதிப்பெண் வாங்கினான்.

சிரிப்பு அடங்கியதும் நீர்வளத்துக்காரர் அடுத்ததை எடுத்தார். அணையிலிருந்து போகும் கீழ்பவானி வாய்க்கால், சுமார் 200 கிலோமீட்டர், 2,07,000 ஏக்கர் பாசனம். பாதி நிலத்துக்கு ஒரு போகம், மறு பாதிக்கு அடுத்த போகம் என்று மதகு மாற்றி மதகு முறை வைத்துத் தண்ணீர். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறப்பார்கள். அதை இந்த 40 வயதுக்காரர் டெல்லியில் உட்கார்ந்து இவ்வளவு சுத்தமாகச் சொன்னதே தம்பிக்கு அதிர்ச்சி. "மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா?"

இது பாடப் புத்தகக் கேள்வி. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். கசிவு குறையும். மேனிங் கெழு மண்ணுக்கு 0.025 வாக்கில் இருப்பது கான்கிரீட்டில் 0.015 ஆகிவிடும், வேகம் கூடும், கடைமடைக்குத் தண்ணீர் சேரும், களை மண்டாது. மூச்சு விடாமல் சொன்னான்.

"அப்புறம் ஏன் உங்கள் ஊர் விவசாயிகள் வேண்டாம் என்று பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்?"

அந்தப் பந்தலில் இரண்டாவது வரிசையில் பச்சைத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தவர் தம்பியின் அப்பா. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தவன் தம்பியேதான். கொடுத்துவிட்டு உடனே மாடி அறைக்கு ஓடி வந்து, வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசுவதன் நன்மைகள் என்ற தலைப்பைப் படித்திருக்கிறான். இரண்டும் ஒரே வாய்க்கால் என்பது அவனுக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

"சார், எங்க அப்பாவும் அங்க உட்கார்ந்திருந்தார்" என்றான்.

பேனாக்கள் நின்றன. தம்பி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கொஞ்ச நாளில் தோட்டத்துக் கிணறு ஊறும். நிறுத்தினால் இறங்கும். தென்னை நிற்பது அந்தக் கிணற்றை நம்பி. ஊர்க் குடிநீர் போர்களும் அப்படித்தான். புத்தகம் கசிவு நஷ்டம் என்று எழுதும் தண்ணீரில்தான் தான் படித்த கல்லூரிக் கட்டணம் விளைந்தது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா சார், என் மாமா தோட்டம் கடைமடை. அவருக்கு முறைத் தண்ணியே ஒழுங்கா வந்து சேர்றதில்ல. அவர் கான்கிரீட் போடணும்கிறார்."

"நீங்கள்தான் அங்கே பொறியாளர் என்றால் எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவீர்கள்?" என்றார் தலைவர்.

வாய்க்காலின் அடித்தளத்தை மண்ணாகவே விட்டுவிட்டு, கரை பலவீனமான இடங்களையும் பழைய மதகுகளையும் முதலில் சரி செய்யலாம், நடுவில் திருட்டுத்தனமாக உறிஞ்சும் மோட்டார்களை நிறுத்தினாலே கடைமடைக்குக் கொஞ்சம் போகும் என்றான் தம்பி. சரியா தப்பா என்று யாரும் முகத்தில் காட்டவில்லை. நன்றி, போகலாம் என்றார்கள். கதவை இழுக்க வேண்டிய பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்தான்.

கைப்பேசி கையில் வந்ததும் ஊருக்கு அடித்தான். கோச்சிங் சென்டர் வாத்தியாருக்குச் சொன்ன பதிப்பில் ஹூவர் அணையும் இருந்தது. நண்பர்களுக்குச் சொன்னதில் மீன் வறுவல் அவன் திட்டமிட்டு அடித்த ஜோக். அம்மாவிடம் கீரையைக் கேட்டார்கள் என்றே சொல்லிவிட்டான். அப்பாவிடம் மட்டும் நடந்தது நடந்தபடி.

அப்பா முழுதும் கேட்டார். "மோட்டார நிறுத்தச் சொன்னியா?"

"ஆமாங்ப்பா. திருட்டு மோட்டார."

"நம்ம பங்காளி வெச்சிருக்கறது தெரியுமல்ல உனக்கு?"

பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமா ஃபோனை வாங்கினார். "மாப்ள, அதெல்லாஞ் சரி. கடைசில கான்கிரீட் வேண்டாம்னுதான சொல்லிட்டு வந்திருக்கற?" பின்னால் பெரியப்பாவின் குரல், ஒரு கியூபிக் மீட்டருக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கேட்டார்களா என்று விசாரித்தது. தம்பி கரோல் பாக் பஸ் எந்தப் பக்கம் வரும் என்று யாரிடமோ இந்தியில் கேட்கப் பார்த்துக்கொண்டே, "சிக்னல் இல்லீங் மாமா" என்றான்.